அக்கரைப் பேச்சு கேட்கும் நாள்

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியாரும் முப்பத்தொரு வருடமாக நான் அக்கா என்றே அழைத்துவருபவருமான அம்மையாரே, கடையை அடைத்துவிட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டும் இந்த வெயிலில் வந்து கூடியிருக்கும் ஊர்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. நகர்மன்றத்தில் ஆவணங்களைக் காத்து ஓய்வு பெற்றவன் நான். காலையிலும் மாலையிலும் ஆற்றங்கரை வானிலை முற்றத்தில் ஐயாவுக்கு இரண்டாம் பார்வையாளனாக இருந்தேன். எதையும் எழுதிவைத்துப் படித்தால்தான் எனக்குப் பிசகாமல் வரும். ஆகவே ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது பக்கத்தைப் படிக்கத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் எனக்குத் துணிவு போய்விடும். என் சட்டைப் பையில் ஓர் எச்சரிக்கைத் தாள் இருக்கிறது. ஊர் அபாயச் சங்கு ஊதுவதற்கான தாள். இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அதை எழுதி, என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். விதிப்படி இரண்டு கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்துப் போட வேண்டியவர் பதினோரு நாளுக்கு முன்பு நம்மை விட்டுப் போய்விட்டார். இந்தக் கூட்டம் தொடங்குமுன் தலைவரிடம் தாளை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "வானத்தைக் கொஞ்சம் பாருங்க சார். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. முதல்ல ஐயாவைப் பத்திப் பேசி முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பேசி முடிக்கிறேன். இந்தப் பேச்சு முடிவதற்குள் எனக்கு இன்னொரு கையெழுத்து வேண்டும்.

மழைமானி ஐயா என்று நாம் அழைத்தவர் யார்? அவருக்கு அரசு தந்த பதவி என்ன? ஒன்றுமில்லை. ஆற்றங்கரையில் வேலி போட்ட முற்றம், அதில் ஒரு மழைமானி, ஒரு காற்றுக்காட்டி, வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானி, ஓட்டுக் கொட்டகைக்குள் ஒரு காற்றழுத்தமானி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இவ்வளவுதான் அவருடைய அலுவலகம். நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு காலைகூடத் தவறவில்லை. தன் கல்யாணத்தன்றும் அளந்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தார் என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார்கள். "தாலி கட்டுற நேரத்துல அவர் சட்டைக் கையில மண்ணு" என்பார்கள். மன்னிக்கவும், அக்கா. எழுதியதை அப்படியே படித்துவிட்டேன்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். மழை அளவை இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்ப்போம். பார்த்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, மேசையில் வைப்போம். பிறகு அவர் தாளை நான் பிரிப்பேன், என் தாளை அவர் பிரிப்பார். ஒரே எண் என்றால் பதிவேட்டில் ஏறும். வேறு வேறு என்றால் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வெளியே போவோம். கூட்டி இரண்டால் வகுத்தால் ஆயிற்றே என்று நான் சேர்ந்த முதல் மாதம் கேட்டேன். "தம்பி, நீங்க பன்னண்டுன்னு பாத்தீங்க, நான் பதினாலுன்னு பாத்தேன். பதிமூணை யாரு பாத்தது?" என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

ஒரு நாள் நான்கு முறை வெளியே போனோம். நான்கு முறையும் எண் மாறியது. கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு நத்தை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அன்றைய குறிப்புப் பத்தியில் "நத்தை" என்று ஒரே சொல்லை எழுதினார். வானிலைத் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "நத்தைக்கு என்ன விளக்கம் எழுதுறது?" என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

அந்தக் குறிப்புப் பத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் மற்றப் பத்திகள் எல்லாம் கருவி சொன்னது. கடைசிப் பத்தி மட்டும் மனிதர் கண்டது, கேட்டது.

"தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று நாம் சாதாரணமாகச் சொல்லுவோம். அவர் முன்னால் மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சண்டைக்கு வருவார். "சாண் வேற, முழம் வேறங்க. சாணுன்னா மேசை மேல ஏறி நின்ன பிள்ளை பிழைக்கும். முழமுன்னா பிழைக்காது" என்பார். அதனால்தான் ஊர் முழுக்க அந்தக் கோடுகள். உங்கள் வலப்பக்கத் தூணைப் பாருங்கள். நெஞ்சளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே, அது பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய வெள்ளம். அதற்கு இரண்டு விரல் மேலே, சுண்ணாம்புக்குள் மங்கித் தெரிவது, நம்மில் யாரும் பிறக்காத காலத்து வெள்ளம். நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன.

இந்த ஊரின் பேரழிவுகளை அவர் ஒன்பது என்று கணக்கிட்டார். நான்கு வெள்ளம், இரண்டு புயல், ஒரு கல்மழை, கல்குவாரிச் சரிவு, மூன்றாண்டு வறட்சி. எத்தனை வீடு போனது, எத்தனை உயிர் போனது என்பதெல்லாம் ஆவண அறையில் இருக்கிறது. நானே கட்டிவைத்திருக்கிறேன். அவருக்கு அது போதவில்லை. வீடு வீடாகப் போனார். மிச்சமிருந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. எதை இழந்தீர்கள் என்று கேட்கவில்லை. "அதுக்கு முந்தின நாள் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" அதுதான் கேள்வி.

யாருக்கு அது நினைவிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த நாளைத்தான் அவர்கள் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார்கள். இருபத்தாறு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. வறட்சிக்கு மட்டும் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, அடியில் எழுதினார்: "வறட்சிக்கு முந்தின நாள் என்று ஒன்று கிடையாது."

அந்த நோட்டுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. முந்தின நாள் காற்று நின்றுபோகும். ஆற்றின் மேல் ஒரு அலைகூட இராது. அப்போது அக்கரையில் பேசுவது இக்கரையில் கேட்கும். நம் ஆற்றின் அகலம் நானூற்றுப் பத்து மீட்டர். சாதாரண நாளில் அங்கே நின்று கத்தினாலும் இங்கே கொசு ரீங்காரம் மாதிரிதான் இருக்கும். அந்த நாளில் அப்படியல்ல. பக்கத்து அறையில் பேசுவது போல, தணிந்த குரல்கூட, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

நாற்பத்தேழு ஆண்டுக்கு முன்பு சந்தைக் கூரையைக் கொண்டுபோன புயலுக்கு முந்தின நாள். ஆற்றோரப் பள்ளியில் ஓர் ஆசிரியை பிள்ளைகளைத் தேர்வு எழுத வைத்திருக்கிறார். வகுப்பு அமைதியாக இருக்கிறது. யாரோ பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள். "யாருடா அது, வாய மூடிக்கிட்டு எழுதுங்கடா" என்கிறார். "நாங்க இல்ல டீச்சர்." பிரம்பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கிறார். ஒரு வாயும் அசையவில்லை. வாய்ப்பாடு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதின்மூன்று ஏழு எவ்வளவு என்பதில் அந்தக் குரல் தப்பு செய்கிறது. இன்னொரு குரல் அதட்டுகிறது. அது அக்கரைப் பள்ளி ஆசிரியரின் குரல் என்று இவருக்குத் தெரிகிறது. அன்று வெயில் நன்றாக அடித்தது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். மறுநாள் அக்கரைப் பள்ளி இல்லை.

ஐயா மூடநம்பிக்கைக்காரர் அல்ல. கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் அடுக்காக நின்றால் ஒலி மேலே போகாமல் வளைந்து தண்ணீரை ஒட்டி வரும் என்று அவரே எனக்குப் படம் போட்டு விளக்கினார். "இது வரைக்கும் புத்தகத்துல இருக்கு தம்பி. அதுக்கும் மறுநாளுக்கும் என்ன உறவுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார். ஒன்பதில் ஆறுக்கு முந்தின நாள் அக்கரைப் பேச்சு கேட்டிருக்கிறது. கல்மழைக்கும் குவாரிச் சரிவுக்கும் கேட்கவில்லை. வறட்சிக்கு முந்தின நாளே இல்லை. மூன்றையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஒலி கேட்டதற்கும் அழிவு வந்ததற்கும் இடையே குறைந்தது பத்தொன்பது மணி நேரம், கூடியது முப்பத்தொரு மணி நேரம்.

அவர் தப்பே செய்யவில்லையா? செய்தார். யானைக்கும் அடி சறுக்கும். பதினைந்து ஆண்டுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், அக்கரையில் ஒருவர் மாட்டை விரட்டும் சத்தம் கேட்டது என்று சங்கை ஊதச் செய்தார். ஊரே மேட்டுத் தெருப் பள்ளியில் போய் ஒரு பகலும் மறு பகலும் வெயிலில் உட்கார்ந்திருந்தது. ஒரு துளி விழவில்லை. அதன் பிறகு அவர் தெருவில் நடந்தால் கேலிதான். நம் தச்சர் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். இழைப்புளியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "என்னய்யா, இன்னிக்கு அக்கரையில யாரு வீட்டுல சண்டை?" ஐயா நின்று, அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்.

அந்தத் தவறுக்குப் பிறகுதான் நகர்மன்றம் விதி போட்டது. சங்கு ஊத வேண்டுமானால் இரண்டு பார்வையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியை எழுதிச் சுத்தப்பிரதி எடுத்தவன் நான்தான்.

இப்போது ஆறாம் பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை ஐந்து தடவை திருத்தி எழுதினேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு. காலை பத்து மணி. ஐயா முற்றத்தில் நின்றுகொண்டு என்னைக் கைகாட்டி அழைத்தார். போனேன். அக்கரையில் ஒரு பெண் யாருக்கோ தலைவாரிவிடுகிறாள். "அசையாதடி" என்கிறாள். சீப்பு சிக்கெடுக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஐயா எச்சரிக்கைத் தாளை எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

நான் போடவில்லை.

காற்றழுத்தமானியைப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. வெப்பம் சாதாரணம். மேகம் இல்லை. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன், சாதாரணம் என்றார்கள். போன தடவை ஊர் சிரித்தது நினைவுக்கு வந்தது. என் ஓய்வூதிய விண்ணப்பம் அப்போது நகர்மன்றத்தில் இருந்ததும் நினைவுக்கு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "கருவி எதுவும் சொல்லலையே சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். என் குரல் எப்போதும் தணிந்துதான் இருக்கும். அன்று பயத்தில் சற்று உரக்கவே சொன்னேன். முற்றத்தில் நின்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டினாரா? கெஞ்சினாரா? இல்லை. பதிவேட்டைத் திறந்து குறிப்புப் பத்தியில் எழுதினார். அந்தப் பக்கம் இதோ என்னிடம் இருக்கிறது. "இரண்டாம் பார்வையாளர் கையெழுத்திடவில்லை. காரணம்: கருவிகள் சாதாரணம். காரணம் சரியானதே." பேனாவை மூடிவிட்டுப் படகுத்துறைக்குப் போனார். விதி சங்குக்குத்தான், வாய்க்கு இல்லை. அக்கரையில் நாற்பது வீடு. கதவு கதவாகத் தட்டி, மாலைக்குள் நான்கு நடை படகில் ஆட்களைக் கொண்டுவந்து மேட்டுத் தெருவில் விட்டார். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. சரியாகப் பத்தொன்பது மணி நேரம். அக்கரையில் வராமல் இருந்து உயிர்விட்டவர்கள் பத்தொன்பது பேர். இரண்டு எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஐயா தற்செயல் என்றே எழுதியிருக்கிறார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தினமும் துண்டுத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. பத்தொன்பது பேர் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. பிடிவாதம், மாடு கன்று, வீட்டுச் சாமான் என்று நானாகவே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவர் போன மூன்றாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு இருபத்தாறு நோட்டையும் ஒப்படைத்தார்கள். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாரு. கடைசி நோட்டை மட்டும் அவர் இருக்கிற வரைக்கும் காட்ட வேண்டாம்னாரு" என்றார்கள். கடைசி நோட்டில் பால்காரரின் வாக்குமூலம் இருக்கிறது. அக்கரையில் மாட்டுத் தொழுவம் வைத்திருந்தவர். நடுவரிசையில், சுவரோரம் அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், இதைக் கூட்டத்தில் படிக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். படிக்கிறேன்.

"மழைமானி சார் வந்து கதவைத் தட்டினாரு. நாளைக்கு வெள்ளம் வரும், வாங்கன்னாரு. என் வீட்டுக்காரி சொன்னா, உங்க பேச்சு எங்களுக்கும் கேட்டுச்சு சார். காலையில இருந்து உங்க ஊர் சத்தம் எல்லாம் எங்க முற்றத்துலதான் கேக்குது. உங்க கூட இருக்கிற சார், கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாரே, அதுவும் கேட்டுச்சு. படிச்ச மனுஷன், கருவி பாக்கிறவரு, அவரே நம்பலையேன்னா. எங்கிட்ட, நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, நான் மாட்டைப் பாத்துக்கிட்டுக் காலையில வரேன்னா."

காற்று நின்ற நாளில் அக்கரை நமக்குக் கேட்கும் என்று இத்தனை வருடம் எழுதிவைத்தோம். நாம் அக்கரைக்குக் கேட்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு வீடாக அதே பதில். அந்த நோட்டில் பதினொரு வாக்குமூலத்தில் என் வாக்கியம் இருக்கிறது. சொல் மாறாமல் இருக்கிறது. ஐயா ஒவ்வொன்றையும் கேட்டு, எழுதி, மூடி, மறுநாள் காலை எனக்கு வணக்கம் சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இந்த ஊருக்கு அவர் செய்த தொண்டுகளைப் பலர் சொன்னீர்கள். எனக்கு அவர் செய்தது இது. இதை நான் தாங்க மாட்டேன் என்று அளந்து வைத்திருந்தார்.

பால்காரரே, பதினொரு வீட்டாரே, மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே கேட்கவில்லை. உண்மையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

இப்போது இன்று காலை.

ஆறு மணிக்கு முற்றத்துக்குப் போனேன். மழைமானி காலி. அழுத்தமானி சாதாரணம். மேகம் இல்லை. காற்றுக்காட்டி அசையவே இல்லை. தண்ணீர் மேசைக் கண்ணாடி போல் இருந்தது. துண்டுத் தாளில் பூஜ்யம் என்று எழுதி மடித்தேன். மடித்த பிறகுதான் அதை வாங்கிப் பிரிக்க யாரும் இல்லை என்பது உறைத்தது. அப்போது ஒரு பெண் பேசினாள். "இன்னும் ரெண்டு குடம் புடிச்சு வையுங்க. நாளைக்குத் தண்ணி வராது." மிகச் சாதாரணமான குரல். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வேலி, மண், வெயில்.

உங்களுக்கே தெரியும், அக்கரையில் பன்னிரண்டு ஆண்டாக யாரும் இல்லை. வீடு இல்லை. குழாய் இல்லை. முள்ளும் நாணலும்தான். வெள்ளத்துக்குப் பிறகு மிச்சமிருந்தவர்களை எல்லாம் இக்கரைக்குக் கொண்டுவந்தோம். இருந்தாலும் விசாரித்தேன். படகோட்டியிடம், இந்த வாரம் யாராவது அந்தப் பக்கம் போனார்களா என்று கேட்டேன். "அங்க போறதுக்கு யாருக்கு சார் வேலை இருக்கு? பாம்புதான் இருக்கு" என்றார். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டேன். யாரும் போகவில்லை.

எனக்கு எழுபது வயது. இடது காது மந்தம் என்று மருத்துவர் சீட்டு எழுதியிருக்கிறார். மூன்று நாளாகக் கடைசி நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன், சரியான தூக்கம் இல்லை. குற்றவுணர்ச்சி உள்ளவன் காதில் எதுவும் விழும். இவை எல்லாவற்றையும் தாளில் எழுதியிருக்கிறேன். மந்தமான காதுக்கே கேட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. யார் பேசியது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. குறிப்புப் பத்தியில் விளக்கம் எழுத வேண்டியதில்லை, கேட்டதை எழுதினால் போதும் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

காலை ஆறு பத்திலிருந்து பத்தொன்பது மணி நேரம் என்றால் பின்னிரவு ஒன்று பத்து. இப்போது மாலை நான்கு நாற்பது. எட்டரை மணி நேரம் இருக்கிறது. அதிகமாகவும் இருக்கலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். வராவிட்டால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரிப்பதற்கு நீங்கள் இருப்பீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காப்பது வழக்கம். அதை இப்போதே காக்கலாம் என்று தலைவர் அனுமதிக்க வேண்டும். நன்றி. ஒரு சிறு வேண்டுகோள். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். ஆற்றுப் பக்கத்து ஜன்னல்கள் ஐந்தையும் திறந்துவிடுங்கள். ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்கிறேன். கண்ணை மூட வேண்டாம். எழுந்து நிற்போம்.

(மௌனம்.)

நன்றி. உட்கார வேண்டாம். ஒலிபெருக்கியை மறுபடி போடுங்கள்.

என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய நாற்பது வினாடியில் நீங்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினீர்கள். யாரும் யாரையும் பார்த்துத் திரும்பவில்லை. தச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டார். முன்வரிசைக் குழந்தை ஜன்னலைப் பார்த்து யாருக்கோ தலையை ஆட்டியது. என்ன கேட்டது என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி மடித்துக் கொடுங்கள். அப்புறம் பிரித்துப் பார்ப்போம்.

பால்காரர் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார். வழி விடுங்கள்.

அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் அனுமதியோடு திருப்பிச் சொல்கிறேன். "பேனாவைக் குடுங்க சார். அது என் வீட்டுக்காரி. குடம் புடிக்கச் சொல்லித்தான் தினமும் என் பிராணனை வாங்குவா" என்றார்.

அவர் கையெழுத்துப் போடுகிறார். தாளை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போடுகிறார். தலைவர் அவர்களே, விதிப்படி இரண்டாம் பார்வையாளர் என்பதற்கு நியமன ஆணை வேண்டும். இல்லை, தலைவர் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நன்றி.

மழைமானி ஐயா அவர்களே, உங்கள் முற்றத்தை நாளைக்கும் திறப்பேன். முற்றம் இருந்தால் முற்றத்தில், இல்லாவிட்டால் அது இருந்த இடத்தில். இரண்டு தாள் எழுதி மடிப்போம். இனி பேசுமுன் அக்கரைக்கும் கேட்கும் என்று நினைத்துப் பேசுவேன். இதுதான் என் உறுதிமொழி. வேறு பெரிதாகச் சொல்ல எனக்கு வராது.

தலைமையாசிரியை அம்மா பள்ளிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். கிழக்கு வாசல் வழியாகப் போங்கள், தள்ள வேண்டாம். முதியவர்களும் குழந்தைகளும் முதலில். வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு ஆறரை மணிக்குள் மேட்டுத் தெருவுக்கு வந்துவிடுங்கள். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். யாரும் காலையில் வருகிறேன் என்று பின்தங்க வேண்டாம். தச்சரே, நீங்கள் சங்கு அறைக்கு ஓடுங்கள்.

ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். ஒலிபெருக்கியை இன்னும் ஒரு நிமிடம் வையுங்கள். நான் ஆற்றுப் பக்கம் திரும்பி ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா, நான்தான் பேசுகிறேன். மழைமானி சார் கூட இருந்த ஆள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.